ஒரே மடிக்கணினியில் லினக்ஸும் எக்ஸ்பியும்: பாலக்கோட்டு மாணவர் ஒருவருக்கு விரிவான பதில்

பாலக்கோட்டிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, தர்மபுரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் லினக்ஸ் செய்முறை இருக்கிறது. வீட்டில் இருப்பது ஒரே மடிக்கணினி. விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. டூயல் பூட் செய்துவிடு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அப்பா டிடிபி மையம் வைத்திருக்கிறார். அங்கே விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கணினியில்தான் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் ஓடுகிறது. அது எப்போது நின்றுபோகுமோ தெரியவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் போட்டால் இந்த இரண்டுக்கும் வழி பிறக்குமா? மடிக்கணினி தாங்குமா?"

தாங்கும் தம்பி. இரண்டுக்கும் வழி இருக்கிறது. டூயல் பூட்டுக்காக, அதாவது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை அருகருகே நிறுவுவதற்காக, வன்தட்டைப் பிரிக்கும் வேலையை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். காரணத்தையும் செய்முறையையும் சற்று நீளமாகவே எழுதுகிறேன். பேஜ்மேக்கர் பற்றிய பகுதியை அப்பாவும் படிக்கட்டும்.

முதலில் டூயல் பூட் ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் பல ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கிறேன். போன ஆண்டு காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு மாணவி மடிக்கணினியை எடுத்து வந்தார். லினக்ஸ் போடுவதற்காக யாரோ பயாஸில் (கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை அமைப்பில்) எதையோ மாற்றியிருக்கிறார்கள். அதன் பிறகு திறக்கும்போதெல்லாம் நீலத் திரையில் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கிறது. விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். தொடங்கும் முறையில் மாற்றம் தெரிந்தால் உரிமையாளர்தானா என்று உறுதி செய்ய அந்த எண்ணைக் கேட்கும். எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கு எது என்றே அவருக்குத் தெரியவில்லை. கடையில் வாங்கிய அன்று விற்றவரே ஏதோ ஒரு மின்னஞ்சலைப் போட்டுத் திறந்து கொடுத்திருக்கிறார். பில்லின் பின்புறம் பென்சிலால் எழுதியிருந்த அந்த மின்னஞ்சல் கிடைக்க மூன்று நாள் ஆனது. செய்முறைப் பதிவேடு, அம்மாவின் படங்கள் எல்லாம் அந்த மூன்று நாளும் பூட்டுக்குள் கிடந்தன. லினக்ஸ் போடுகிறீர்களோ இல்லையோ, இன்றே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மீட்பு எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

டூயல் பூட்டில் வேறு சின்னத் தொல்லைகளும் உண்டு. விண்டோஸ் கணினிக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வந்தால் நம் ஊரில் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தவறிக் காட்டும். இதெல்லாம் சரிசெய்யக் கூடியவைதான். ஆனால் கற்றுக்கொள்ளும் நாளில், கையில் இருக்கும் ஒரே மடிக்கணினியில் இந்தப் பரீட்சை தேவையில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் உருவாக்கித் தரும் மெய்நிகர் கணினி என்பது ஒரு முழுக் கணினியே ஒரு கோப்பாக உங்கள் வன்தட்டில் உட்கார்ந்திருப்பது. அதற்குள் போடும் இயங்குதளம் தனக்கென்று ஒரு செயலி, ரேம், வன்தட்டு, நெட்வொர்க் கார்டு எல்லாம் இருப்பதாகவே நம்பி ஓடும். இந்த ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் விளங்கிவிடும். கோப்பு என்பதால் நகல் எடுக்கலாம், பழைய நிலைக்குத் திருப்பலாம், இன்னொரு கணினிக்குத் தூக்கிப் போகலாம். கோப்பு என்பதாலேயே ஒரே சொடுக்கில் அழித்தும் விடலாம். நன்மையும் ஆபத்தும் அங்கிருந்துதான் வருகின்றன.

இது புதிய யோசனை இல்லை. விலை உயர்ந்த ஒரே பெரிய கணினியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்க ஐபிஎம் 1960-களிலேயே இதைச் செய்துபார்த்து, 1972-ல் விஎம்/370 என்ற பெயரில் வெளியிட்டது. நாம் வீட்டில் வைத்திருக்கும் வகைச் செயலிகள் அதற்கு இசைந்து வரவில்லை. உள்ளே ஓடும் இயங்குதளம் சில கட்டளைகளைக் கொடுக்கும்போது அவற்றைத் தடுத்து மேற்பார்வை பார்க்கச் செயலியில் வசதி இல்லாமல் இருந்தது. 1998-ல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம் அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மொழிமாற்றி இந்தச் சிக்கலைக் கடந்து, 1999-ல் வொர்க்ஸ்டேஷன் என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. 2005-ல் இன்டெலும் 2006-ல் ஏஎம்டியும் செயலிக்குள்ளேயே அந்த வசதியை வைத்தன. இன்று உங்கள் மடிக்கணினியில் உள்ளே ஓடும் லினக்ஸின் பெரும்பாலான கட்டளைகள் நேராகச் செயலியிலேயே ஓடுகின்றன. கணக்குப் போடும் வேலைகளில் அதனால்தான் வேகம் அதிகம் குறைவதில்லை. திரைப் படமும் வன்தட்டும் வரும் இடத்தில்தான் மந்தம் தெரியும்.

அந்த வசதி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தொட்டால் கீழே விர்ச்சுவலைசேஷன் என்ற வரி இருக்கும். எனேபிள்ட் என்றிருந்தால் கவலை இல்லை. டிஸ்ஏபிள்ட் என்றிருந்தால் பயாஸுக்குள் போய்த் திறக்க வேண்டும். இன்டெல் செயலியில் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏஎம்டியில் எஸ்விஎம் மோட் என்றும் பெயர் இருக்கும். பயாஸைத் தொடும் முன் மேலே சொன்ன 48 இலக்க எண் கையில் இருக்கட்டும். விர்ச்சுவல்பாக்ஸில் புதிய கணினி உருவாக்கும்போது 32 பிட் வகைகள் மட்டுமே பட்டியலில் தெரிந்தால், இந்த வசதி மூடியிருக்கிறது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

ரேம்தான் உங்களுக்கு உண்மையான எல்லை. வீட்டுக்காரரும் குடித்தனக்காரரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எடுப்பது போன்றது இது. தொட்டி 8 ஜிபி. விண்டோஸும் ஒரு பிரவுசரும் சேர்ந்தே பாதியைக் குடித்துவிடும். லினக்ஸுக்கு 2.5 முதல் 3 ஜிபி வரை கொடுங்கள். அதற்கு மேல் போனால் விண்டோஸ் தவிக்கத் தொடங்கி இரண்டுமே நகராது. விர்ச்சுவல்பாக்ஸின் நகர்த்துபட்டையில் பச்சை முடிந்து சிவப்பு தொடங்கும் இடம் இருக்கிறதே, அதைத் தாண்டாதீர்கள். செயலியில் இரண்டு கோர் போதும். வன்தட்டுக்கு 30 ஜிபி என்று கொடுத்தாலும் முதல் நாளே அவ்வளவும் போய்விடாது. தேவைக்கேற்ப வளரும் வகையைத் தேர்ந்தெடுத்தால் சில ஜிபியில் தொடங்கும். வளர்ந்த கோப்பு, உள்ளே கோப்புகளை அழித்தாலும் தானாகச் சுருங்காது. விண்டோஸ் வட்டில் இடம் அடியோடு தீர்ந்தால் மெய்நிகர் கணினி பாதியில் உறைந்து நிற்கும். எப்போதும் 40 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள்.

எந்த லினக்ஸ்? உபுண்டு 24.04 டெஸ்க்டாப் 4 ஜிபி ரேம் கேட்கிறது, பதிவிறக்கும் கோப்பே 6 ஜிபிக்குப் பக்கம் வருகிறது. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா வைத்திருப்பவருக்கு அது நான்கு நாள் வேலை. உங்களுக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது லுபுண்டு பொருத்தம். இரண்டும் ஏறத்தாழ 3 ஜிபி. டெபியனின் நெட் இன்ஸ்டால் கோப்பு 1 ஜிபிக்கும் குறைவு, மீதியை நிறுவும்போது தேவையான அளவு மட்டும் இறக்கிக்கொள்ளும். ஊரில் சிக்னல் விட்டு விட்டு வருமானால் பிரவுசரில் இறக்காதீர்கள், 90 சதவீதத்தில் அறுந்துபோனால் மனம் நொந்துபோகும். இந்த லினக்ஸ்கள் எல்லாம் அதிகாரபூர்வமாகவே டொரண்ட் கோப்பு தருகின்றன. அது விட்ட இடத்திலிருந்து தொடரும், பிழை இருந்தால் தானே கண்டுபிடிக்கும்.

நிறுவும்போது விர்ச்சுவல்பாக்ஸ் 7 தானாகவே எல்லாவற்றையும் செய்து தருவதாகச் சொல்லும். அன்அட்டென்டட் இன்ஸ்டலேஷன் என்ற அந்த வசதியைத் தவிர்த்துவிடுங்கள். அப்படி நிறுவினால் நீங்கள் உருவாக்கும் பயனருக்கு நிர்வாகி உரிமை இல்லாமல் போவது வழக்கமாக நடக்கிறது. அதைவிட முக்கியம், வன்தட்டைப் பிரிப்பது, பயனரை உருவாக்குவது, இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் பூட்லோடரை எங்கே வைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் கையால் பதில் சொல்லி நிறுவினால்தான் பாடம் மனத்தில் நிற்கும். இங்கே தவறு நேர்ந்தால் ஒரு கோப்பு கெட்டது, அவ்வளவுதான். சுட்டி உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தால் வலப்பக்கக் கன்ட்ரோல் விசையை ஒரு முறை தட்டுங்கள். முதல் நாள் எல்லோரும் திகைக்கும் இடம் அது.

நிறுவி முடித்ததும் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை மென்பொருளை லினக்ஸுக்குள் போடுங்கள். திரை முழு அளவுக்கு விரிவதும், இங்கே நகலெடுத்து அங்கே ஒட்டுவதும், பகிர் கோப்புறையும் அதனால்தான் கிடைக்கின்றன. பகிர் கோப்புறையைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வருமானால், உங்கள் லினக்ஸ் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் என்ற குழுவில் சேர்த்து ஒரு முறை மறுதொடக்கம் செய்யுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து இதை மறக்காதீர்கள். பகிர் கோப்புறை மெய்நிகர் கணினியின் கோப்பு இல்லை. அது உங்கள் விண்டோஸின் நிஜக் கோப்புறை. லினக்ஸுக்குள் இருந்து அதில் எதையாவது அழித்தால் விண்டோஸில் அழியும், குப்பைத்தொட்டிக்கும் போகாது. 'எல்லாவற்றையும் அழி' என்ற கட்டளையைப் போட்டுப் பார்க்கும் ஆசை லினக்ஸ் கற்கும் எல்லோருக்கும் ஒரு நாள் வரும், வரட்டும். ஆனால் அன்று பகிர் கோப்புறையைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். மற்ற நாட்களிலும் 'ஆவணங்கள்' கோப்புறையை அப்படியே பகிராமல், தனியாக ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கிப் பகிருங்கள்.

அந்த ஆசை வரும் நாளுக்குத்தான் ஸ்னாப்ஷாட் இருக்கிறது. லினக்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் அதை அணைத்துவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள். பிறகு வேண்டுமென்றே கெடுங்கள். இயங்குதளத்தின் கட்டமைப்புக் கோப்புகள் உள்ள கோப்புறையை அழித்துவிட்டு மறுதொடக்கம் செய்து, என்ன பிழைச் செய்தி வருகிறது என்று எழுதி வையுங்கள். பூட்லோடரைக் கெடுத்து மீட்க முயலுங்கள். முடியவில்லையா, ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் ஒரு நிமிடத்தில் பழைய கணினி. என் தலைமுறைக்கு இந்தச் சுதந்திரம் இருக்கவில்லை. நாங்கள் ஒரு பிழை செய்தால் சிடியைத் தேடி, முழு நாளும் உட்கார்ந்து மீண்டும் நிறுவ வேண்டும். அந்தப் பயத்திலேயே பலர் எதையும் தொடாமல் படிப்பை முடித்துவிட்டார்கள். மெய்நிகர் கணினியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உங்கள் வயதில் கிடைத்திருக்கிறது, முழுவதும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் ஸ்னாப்ஷாட்டைக் காப்புநகல் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு நடக்கும் மாற்றங்கள் மட்டும் தனிக் கோப்பில் எழுதப்படும்; அடியில் பழைய கோப்பு அப்படியே இருக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று சார்ந்தவை. அடியில் உள்ளது கெட்டால் மேலே உள்ளதும் பயனற்றது. பத்து ஸ்னாப்ஷாட்டை அடுக்கி வைத்தால் வேகமும் குறையும், இடமும் தீரும். ஒன்றை நீக்கும்போது இரண்டு கோப்புகளும் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன, அது சில நேரம் அரை மணி நேரம் ஓடும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் சிக்கல். மடிக்கணினியில் பேட்டரி முழுவதும் ஏறியிருக்கும்போது மட்டும் இதைச் செய்யுங்கள். உண்மையான காப்புநகல் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் செய்து வரும் ஓவிஏ கோப்பை வெளி வன்தட்டில் வையுங்கள். கணினியைப் பட்டியலிலிருந்து நீக்கும்போது 'பட்டியலிலிருந்து மட்டும்' என்றும் 'எல்லாக் கோப்புகளோடும்' என்றும் இரண்டு பொத்தான்கள் வரும். எது எது என்று நின்று படித்துவிட்டுத் தொடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் லினக்ஸ் ஊர்ந்து போகிறதா? சாளரத்தின் கீழ் ஓரத்தில் சின்னப் படங்களின் வரிசையைப் பாருங்கள். அங்கே ஒரு பச்சை ஆமை இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் தன்னுடைய சொந்த மெய்நிகர் மென்பொருளான ஹைப்பர்-வியைத் தொடங்கி, செயலியின் மெய்நிகர் வசதியை முன்னமே தன் பிடியில் வைத்திருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் அதனிடம் கேட்டுக் கேட்டு ஓட வேண்டியிருக்கிறது. விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டும் தேர்வில் இருந்தால் எடுத்துவிடுங்கள். அப்படியும் ஆமை போகாவிட்டால், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசோலேஷன் என்ற தலைப்பின் கீழ் மெமரி இன்டெகிரிட்டி என்று ஒன்று இருக்கும், அதுதான் பெரும்பாலும் காரணம். ஆனால் அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. கண்ட கண்ட மென்பொருளை இறக்கும் பழக்கம் உள்ள கணினியில் அதை அணைக்க நான் சொல்ல மாட்டேன். ஆமையோடும் வேலை ஓடுமானால் அப்படியே விட்டுவிடுங்கள்.

நெட்வொர்க் விஷயத்தில் மாணவர்கள் தவறவிடும் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. வழக்கமாக வரும் நாட் முறையில் உங்கள் லினக்ஸ் விண்டோஸின் இணைப்பையே பயன்படுத்திக்கொள்ளும். கைபேசி ஹாட்ஸ்பாட்டிலும் ஓடும். அதன் முகவரி 10.0.2.15 என்று இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பிரிட்ஜ்டு முறையில் தனிக் கணினி போல ரவுட்டரிடம் முகவரி கேட்கும், கல்லூரி வைஃபையில் அது பல நேரம் மறுக்கப்படும். நான் சொல்லும் பொக்கிஷம் மூன்றாவது, மெய்நிகர் கணினிகள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் இன்டர்னல் நெட்வொர்க். டெஸ்க்டாப் இல்லாத டெபியனை 512 எம்பி ரேமில் நிறுவி, அதை மூன்றாகக் குளோன் செய்யுங்கள். கோப்பை வெறுமனே நகலெடுத்தால் ஒரே அடையாள எண் இரண்டு முறை வருகிறது என்று விர்ச்சுவல்பாக்ஸ் மறுக்கும், அதனால் குளோன் என்ற பொத்தானையே பயன்படுத்துங்கள். நெட்வொர்க் கார்டுகளுக்குப் புதிய முகவரி கொடு என்பதையும் தேர்ந்தெடுங்கள். ஒன்றை மற்றவற்றுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வழங்கி ஆக்குங்கள், ஒன்றில் வலைத்தளம் ஓடட்டும், மூன்றாவதிலிருந்து அதைத் திறந்து பாருங்கள். மூன்றும் சேர்ந்து ஒன்றரை ஜிபிதான். இணையமே இல்லாமல், பாலக்கோட்டில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சிறிய அலுவலகத்தின் நெட்வொர்க்கையே கட்டிப் பார்க்கலாம். ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்கு நேர்முகம் போகும்போது 'இதை நான் கட்டியிருக்கிறேன்' என்று சொல்வதற்கு இது போதும்.

அப்பாவின் பேஜ்மேக்கருக்கு வருகிறேன். எனக்கு அதில் அக்கறை அதிகம், ஏனென்றால் நம் இரண்டு மாவட்டத்திலும் அச்சகங்களிலும் டிடிபி மையங்களிலும் இருபது ஆண்டு வேலை முழுவதும் இப்படிப் பழைய கணினிகளில் கிடக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, மாங்கூழ் ஆலைகளுக்குப் போட்ட லேபிள்கள் என்று ஒவ்வொரு குடும்பத்தின் வரலாறும் அந்த வன்தட்டில் இருக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7, 2001-ல் வந்தது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று நின்றது. பழைய பேஜ்மேக்கர் கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நிற்கும். பழைய எழுத்துருக்கள் யூனிகோடு இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய 'அம்மா' கணினிக்குள் நான்கு ஆங்கில எழுத்தாகவும் நடுவில் ஓர் அரைப்புள்ளியாகவும்தான் பதிந்திருக்கிறது. அதே எழுத்துரு இல்லாவிட்டால் அம்மா இல்லை.

இதற்கு எக்ஸ்பியை மெய்நிகர் கணினியாக வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. 512 எம்பி ரேம் போதும், 10 ஜிபி வன்தட்டு தாராளம். உருவாக்கும்போது பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்பி என்பதையே தேர்ந்தெடுங்கள். எக்ஸ்பிக்குப் புதிய சாட்டா வட்டு முறை தெரியாது, ஐடிஇ என்ற பழைய முறை வேண்டும். சரியான பெயரைத் தேர்ந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் அதைத் தானே அமைத்துக்கொள்ளும். பழைய வன்தட்டையே அப்படியே படமெடுத்து உள்ளே கொண்டுவரும் வழியை நான் ஓர் அச்சகத்துக்காக முயன்றேன். வன்பொருள் மாறிவிட்டதால் எக்ஸ்பி நீலத் திரையோடு நின்றுவிட்டது. இரண்டு இரவு போராடிவிட்டு, புதிதாக நிறுவி எழுத்துருக்களையும் கோப்புகளையும் மட்டும் மாற்றினேன், இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. முதல் பக்கமாக அவர்கள் திறந்து பார்த்தது முதலாளி மகளுடைய பத்தொன்பது ஆண்டுக்கு முந்தைய பெயர்சூட்டு விழா அழைப்பிதழ். எழுத்து ஒன்றுகூட நகராமல் வந்து நின்றது.

அந்த எக்ஸ்பிக்கு நெட்வொர்க் கார்டே கொடுக்காதீர்கள். அமைப்பில் நெட்வொர்க் பக்கத்துக்குப் போய்த் தேர்வை எடுத்துவிடுங்கள். பத்து ஆண்டுக்கு முன்பே ஆதரவு நின்றுபோன இயங்குதளத்தை இணையத்தில் விடுவது, கதவில்லாத கடையை இரவில் விட்டுவிட்டு வருவதற்குச் சமம். உள்ளே பிடிஎஃப் ஆக மாற்றி, பகிர் கோப்புறை வழியாக விண்டோஸ் 11-க்குக் கொண்டுவந்து அங்கிருந்து அச்சிடுங்கள். எக்ஸ்பிக்குள் பிரிண்டரை இணைக்கும் தலைவலி மிச்சம். அப்பாவின் எழுத்துருத் தொகுப்புக்கு டாங்கிள் (உரிமத்தைக் காட்டக் கணினியில் செருகும் சிறு கருவி) இருந்தால், யூஎஸ்பி வகை என்றால் மெனுவிலிருந்து அதை உள்ளே கொடுக்கலாம். பிரிண்டர் போர்ட்டில் செருகும் பழைய வகை என்றால் பெரும்பாலும் ஒத்துவராது, அந்தத் தொகுப்புக்கு வேறு வழி பார்க்க வேண்டும். புதிதாகச் செய்யும் வேலைகளையாவது யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய உரையை மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன.

உரிமம் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கடை. உள்ளே ஓடும் ஒவ்வொரு விண்டோஸுக்கும் தனி உரிமம் வேண்டும். கணினியோடு வந்த எக்ஸ்பி உரிமம் அந்தக் கணினியோடு கட்டுப்பட்டது. தனியாக வாங்கிய சிடி இருந்தால் அதை மாற்றிக்கொள்ளலாம். விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படை மென்பொருள் கட்டற்றது, கடையிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதோடு தரப்படும் எக்ஸ்டென்ஷன் பேக் அப்படி இல்லை. சொந்தப் பயனுக்கும் படிப்புக்கும்தான் இலவசம். கடைக் கணினியில் அதைப் போடாதீர்கள், தேவையும் வராது.

ஓசூர் பக்கத்தில் வேறொரு வகைத் தேவை உண்டு. சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில் பழைய சிஎன்சி எந்திரத்துக்கு நிரல் அனுப்பும் மென்பொருள் எக்ஸ்பியில்தான் ஓடும், ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் கேபிள் வழியாகப் போகும். விர்ச்சுவல்பாக்ஸில் சீரியல் போர்ட்டை உள்ளே காட்ட முடியும். நிரலை முன்கூட்டி எந்திரத்தின் நினைவகத்துக்கு அனுப்பி வைக்க இது போதும். வெட்டிக்கொண்டிருக்கும்போதே வரி வரியாக அனுப்பும் முறைக்கு மெய்நிகர் கணினியை நம்பாதீர்கள். ஒரு விநாடி தயங்கினாலும் பொருள் வீணாகும்.

விர்ச்சுவல்பாக்ஸ்தானா என்று கேட்டால், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம், திரை வேகத்தில் ஒரு படி மேல். ஹைப்பர்-வி விண்டோஸ் ஹோம் பதிப்பில் வராது. பிற்காலத்தில் மடிக்கணினி முழுவதையும் லினக்ஸுக்கு மாற்றினால் இதே வேலைக்குக் கேவிஎம் இருக்கிறது. 2007-லிருந்து லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் பகுதியாகவே வருகிறது. கட்டளைகளை மட்டும் பழக வேண்டுமென்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதும். ஆனால் உங்கள் பாடத்தில் நிறுவுவதும் தொடங்குவதும் வன்தட்டைப் பிரிப்பதும் வருகின்றன, அவற்றை டபிள்யூஎஸ்எல் காட்டாது. அதைப் போட்டால் விர்ச்சுவல்பாக்ஸில் பச்சை ஆமையும் வந்து சேரும்.

உங்கள் வகுப்பில் யாரிடமாவது பழைய அரசு மடிக்கணினி மட்டும் இருந்தால், 2 அல்லது 4 ஜிபி ரேமும் சுழலும் வன்தட்டும் இருந்தால், அவருக்கு இந்தப் பதில் பொருந்தாது. அதில் மெய்நிகர் கணினி போட்டு நேரத்தைத் தொலைக்க வேண்டாம். முக்கியக் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு லுபுண்டுவை மட்டும் நேராக நிறுவிக்கொள்ளட்டும், அந்த வயதிலும் அது நன்றாகவே ஓடும். விளையாட்டு, வீடியோ எடிட்டிங் போன்று கிராபிக்ஸ் கார்டு முழுவதும் தேவைப்படும் வேலைக்கும் மெய்நிகர் கணினி உதவாது.

கடைசியாக, வரிசை முக்கியம். இதையெல்லாம் தொடங்கும் முன், இந்த ஞாயிற்றுக்கிழமையே அப்பாவின் பழைய கணினியைத் திறந்து எழுத்துருக் கோப்புறையையும் பேஜ்மேக்கர் கோப்புகளையும் வெளி வன்தட்டில் ஒரு நகலும், உங்கள் மடிக்கணினியில் ஒரு நகலும் எடுத்து வையுங்கள். பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் எக்ஸ்பி உரிம எண்ணைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள், எழுத்து மங்கிக்கொண்டே வரும். லினக்ஸ் செய்முறை அடுத்த மாதம்கூடத் தொடங்கலாம். அந்த வன்தட்டு அதுவரை சுழலுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை.